ஆச்சாரியாரும் செங்கொடியும்

"ஆச்சாரியாரும் செங்கொடியும் ஒரே கூட்டணின்னா, யாரு யாரை ஏமாத்துனாங்க தம்பி?" ராயபுரத்தில் துறைமுக வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் கேட்டார். 1967ஐத்தான் சொல்கிறார்.

1952இல் கம்யூனிஸ்டுகளை முதல் எதிரி என்றவர் ராஜாஜி. 1962இல் அவருடைய சுதந்திராக் கட்சிக்குக் கிடைத்தது 6 இடம். சொந்தக் கட்சியோடு நின்றால் காங்கிரசே மீண்டும் வரும். தமது 1953ஆம் ஆண்டுக் கல்வித்திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்த தி.மு.க.வுடன் சேர்ந்தார், ஒரு கையில் பூணூலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் உதயசூரியனுக்குப் போடச் சொன்னார். இதைக் கொள்கைச் சறுக்கல் என்பதை நான் ஏற்கவில்லை. இந்தியும் லைசென்ஸ்–பெர்மிட் ராஜ்யமும் அவருக்கான எதிரியை ஏற்கெனவே கட்டமைத்திருந்தன.

சுதந்திரா 20, மார்க்சிஸ்டுகள் 11. தி.மு.க.வுக்கோ தனிப்பெரும்பான்மை, கூட்டாளிகளுக்கு மந்திரிசபையில் இடமில்லை. அதே ஆண்டே சுயமரியாதைத் திருமணச் சட்டம் நிறைவேறியது. 1971இல் ராஜாஜி காமராஜரோடு நின்றார்.

பெரியவரிடம் சொன்னேன். "அதெல்லாம் சரி. ரூபாய்க்கு மூணு படின்னாங்க, ஒரு படிதானே வந்துச்சு" என்றார்.