யாரும் ஊற்றாத நஞ்சு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் எண்டர்பிரைஸ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. பருத்திக் காயைத் துளைத்து அழிக்கும் கூன்வண்டுக்கு அவ்வூரார் 1919இல் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினார்கள். வண்டு பருத்தியைத் தின்று தீர்த்ததால் நிலக்கடலைக்கு மாறிய விவசாயிகள் அதில் செழித்தார்கள். அதற்கான நன்றிக்கடன் அது. அதே மாநிலத்தின் வடபகுதியிலோ பருத்தியைக் கைவிடாத விவசாயிகள் அதே வண்டோடு மல்லுக்கு நின்றார்கள். அந்தப் போரில் 1950ஆம் ஆண்டுக் கோடையில் மடிந்தவை மீன்கள்.

ஃப்ளின்ட் ஓடை பருத்தி வயல்களுக்கிடையே ஓடி, டென்னஸி ஆற்றின் மீதுள்ள வீலர் நீர்த்தேக்கத்தில் கலப்பது. அதன் கரை விவசாயிகள் அதுவரை பூச்சிக்கொல்லியை அதிகம் நாடியவர்கள் அல்லர். குளிர் கடுமையாக இல்லாத பருவங்கள் தொடர்ந்ததால் வண்டு பெருகியது. வேளாண்மை அலுவலர்கள் வற்புறுத்த, பெரும்பாலானோர் புதிய வேதிப்பொருட்களை வாங்கினார்கள். அவற்றில் பலரும் விரும்பியது டாக்ஸாஃபீன். ஏக்கருக்குச் சராசரியாக 63 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 29 கிலோ தூவினார்கள். 200 பவுண்டு வரை போட்டவர்களும் உண்டு.

ஆகஸ்ட் முதல் நாள் பெருமழை. டாக்ஸாஃபீன் நீரில் எளிதில் கரைவதில்லை; மண்துகள்களைப் பற்றிக்கொள்வது. மழை மேல்மண்ணை அரித்துச் செல்லும்போது அதுவும் உடன்செல்கிறது. மறுநாள் காலையில் மீன்கள் நீரின் மேற்பரப்பில் திசையறியாமல் வட்டமிட்டன. சில தாமாகவே கரையில் துள்ளி விழுந்தன. ஒரு விவசாயி சில மீன்களைக் கையால் பிடித்து ஊற்றுநீர்க் குட்டையொன்றில் விட்டார், அவை பிழைத்துக்கொண்டன. ஓடையில் கிடந்தவை நாள் முழுதும் செத்து மிதந்தன. ஆகஸ்ட் 10ஆம் நாள் மழை அடுத்த அலையைக் கொண்டுவந்தது. 15ஆம் நாள் மழைக்குள் சாவதற்கு மீன்களே அதிகம் மிஞ்சவில்லை. கூண்டுகளில் அடைத்து ஆற்றில் இறக்கப்பட்ட தங்கமீன்கள் ஒரே நாளில் இறந்தபோதுதான், நஞ்சு இன்னும் நீரில் இருப்பது உறுதியாயிற்று. ரேச்சல் கார்சன் 1962இல் எழுதிய ‘மௌன வசந்தம்’ நூலில், ஆறுகளைப் பற்றிய அத்தியாயத்தில் இந்நிகழ்ச்சி இடம்பெற்றது.

டாக்ஸாஃபீன் நரம்பு மண்டலத்தைத் தாக்குவது. நூறு கோடிப் பங்கு நீரில் சில பங்கு கலந்தாலே பல மீன் இனங்களைக் கொல்லப் போதுமானது. இன்னொரு செய்தியும் நினைவில் கொள்ளத்தக்கது. வேண்டாத மீன்களை ஏரிகளிலிருந்து ஒழிப்பதற்காக 1950களில் இதே பொருளை அமெரிக்காவில் வேண்டுமென்றே நீரில் கலந்தார்கள். மீனைக் கொல்லும் என்பது தெரியாத இரகசியமல்ல. வயலில் இட்டது ஓடைக்கு வந்து சேரும் என்பதைத்தான் யாரும் கணக்கில் கொள்ளவில்லை.

இவ்வரலாற்றின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. ஆலைக்கழிவு என்றால் ஒரு குழாய் இருக்கும். குழாய்க்கு ஓர் உரிமையாளர் இருப்பார். ஃப்ளின்ட் ஓடையில் நஞ்சை ஊற்றிய கை எது? தன் வயலில் தூவிய விவசாயியா, தூவச் சொன்ன அலுவலரா, தயாரித்த நிறுவனமா, பெய்த மழையா? அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டம் குழாய்களுக்கு உரிமம் கட்டாயம் என்றது. வயலிலிருந்து வழியும் மழைநீரை 1987ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த உரிம வளையத்துக்கு வெளியே வெளிப்படையாக நிறுத்தியது. டாக்ஸாஃபீனின் பெரும்பாலான பயன்பாடுகள் அங்கே 1982இல்தான் தடைசெய்யப்பட்டன.

தமிழில் இதற்கு இன்னொரு திரை உண்டு. பூச்சிக்கொல்லியை நாம் ‘மருந்து’ என்கிறோம். ‘மருந்தடித்தாயிற்றா’ என்பதுதான் வயற்காட்டுப் பேச்சு. கடலூர் மாவட்டத்து வெள்ளாற்றின் நீரை, பரங்கிப்பேட்டையிலுள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்தினரும் ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழகத்தினரும் ஆராய்ந்து 1990இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பி.எச்.சி. எனப் பெயர்பெற்ற மருந்தின் எச்சம் மழைக்காலத்தில், நெற்பயிருக்கு மருந்தடிக்கும் பருவத்தில் ஆற்றில் உயர்ந்தது. நம் வெப்பத்தில் அதன் மிகப் பெரும்பகுதி ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது, ஆற்றின் வழியே கடலைச் சேர்வது சொற்பம்தான் என்பதையும் அவ்வாய்வாளர்கள் தொடர்ந்து கண்டார்கள். காற்றுக்கும் குழாய் இல்லை. இந்தியாவில் பி.எச்.சி. 1997இல் தடைசெய்யப்பட்டது.

பழைய நஞ்சுகள் போனபின் சிக்கல் தீர்ந்ததா? ஜப்பானின் ஷின்ஜி ஏரியைச் சுற்றிலும் நெல்வயல்கள். நியோநிகோட்டினாய்டு என்னும் புதுவகைப் பூச்சிக்கொல்லிகள் அங்கே 1993 முதல் புழக்கத்துக்கு வந்தன. இவை நேரடியாக மீனைக் கொல்லும் தன்மை குறைந்தவை. ஆனால் நீரில் கரைபவை. பூச்சிகளுக்கும் நண்டினத்தைச் சேர்ந்த நுண்ணுயிரிகளுக்கும் கொடியவை. மீன்களின் இரையான மிதவை உயிரிகள் அவ்வேரியில் சரிந்தன. ‘வகாசகி’ என்ற சிறுமீனின் ஆண்டுப் பிடிப்பு 240 டன்னிலிருந்து 22 டன்னாக வீழ்ந்தது. இவ்விரண்டையும் இணைத்துக்காட்டிய ஆய்வு வெளிவந்தது 2019இல், அதாவது கால் நூற்றாண்டு கழித்து. மீன்கள் செத்து மிதந்திருந்தால் ஊரே கரையில் கூடியிருக்கும். பட்டினியில் குறைந்துபோன மீன்களை எண்ணிப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

செய்யக்கூடியவை எளியவைதான். ஓடைக்கரையை ஒட்டிச் சில மீட்டர் அகலம் புல்லும் புதரும் வளரவிட்டால், அரித்து வரும் மண்ணில் பெரும்பகுதி அங்கேயே தங்கிவிடும். மழை வருமுன் மருந்தடிக்காமலிருப்பது, வண்டைக் கண்டபின்பே அடிப்பது, அடித்த கருவியை ஓடையில் கழுவாமலிருப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. ஆனால் இவற்றால் வரும் நன்மை கீழ்க்கரையில் இருப்பவனுக்கு, சிரமமோ மேல்வயல்காரனுக்கு. அவனிடம் ஓடையையும் பார்த்துக்கொள் என்று சொல்லும் பொறுப்பு யாருடையது என்பதுதான் அலபாமாவில் 1950இல் எழுந்த கேள்வி. ஒரு மருந்தைத் தடைசெய்து அடுத்ததை அனுமதிக்கும் ஒவ்வொரு முறையும் அக்கேள்வியை நாம் தள்ளிப்போட்டே வந்திருக்கிறோம்.