தோம்பில் நின்ற தென்னைகள்

தெமட்டகொடை என்ற பெயருக்குள் ஒரு மரமும் ஒரு மேடும் இருக்கின்றன. சிங்களத்தில் 'தெமட்ட' குமிழ் இனத்துச் சிறு மரம். 'கொட' மேட்டு நிலம். இன்று அங்கே மேட்டை மூடி நிற்பவை ரயில் கொட்டகைகளும் நெருங்கிய வீடுகளும்தான். கொழும்பைச் சுற்றியிருந்த தோட்டமும் வயலும் வீட்டுக் காணியாவதற்கு முன் எப்படி இருந்தன என்று அறியத் தோம்பு என்ற பழைய நிலப் பதிவேட்டைத்தான் புரட்ட வேண்டும்.

சொல் போர்த்துக்கேயருடையது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் எழுதத் தொடங்கிய நிலப் பதிவேட்டை ஒல்லாந்தர் பெரிதாக்கினர். ஆளுநர் ஃபால்க் காலத்தில், 1766 முதல் 1771 வரை, கொழும்புப் பகுதிக்குப் புதிய தோம்புகள் எழுதப்பட்டன. தலைத் தோம்பில் குடும்பத்தார் பெயர், உறவு, சாதி, அவர்கள் செய்ய வேண்டிய ஊழியம். காணித் தோம்பில் தோட்டம், வயல், பங்காளர், பரம்பரை உரிமையான பரவணியா ஊழியத்துக்குக் கிடைத்த நிலமா என்ற விவரம். அதோடு தென்னை, பலா, கமுகு என மரக் கணக்கு.

இத்தனை நுணுக்கம் வரலாற்றின் மேல் வந்த பற்றால் அல்ல. வரியும் ஊழியமும் தப்பக் கூடாது. கறுவா மரத்தில் எவரும் கை வைக்கக் கூடாது. காட்டை வெட்டிச் சேனைப் பயிர் செய்தால் கறுவாவும் போகும் என்ற அச்சம் ஒல்லாந்தக் கொம்பனிக்கு எப்போதும் இருந்தது. காட்டுக் கறுவாவை மட்டும் நம்பாமல், தெமட்டகொடைக்கு அயலான மருதானையில் ஃபால்க் கறுவாவைப் பயிரிடவும் செய்தார்.

ஆங்கிலேயர் 1833இல் கறுவா ஏகபோகத்தைக் கைவிட்டபின் அந்தத் தோட்டங்கள் விலைக்குப் போயின. அவற்றுள் கறுவாத்தோட்டம் எனப்பட்டது செல்வர்களின் மாளிகைப் பகுதியானது. பெயரில் மட்டும் கறுவா மிஞ்சியது. 1860களில் ரயில் பாதை வந்தது. தென்னந்தோப்புகள் துண்டுபட்டு, ஏக்கரில் பேசிய காணியைப் பேர்ச் என்ற சிறு அளவில் பேசலாயினர்.

மாறப்போவதை முன்கூட்டியே பதிந்து வைக்கும் வழக்கமும் உண்டு: இங்கிலாந்தில் இன்று பழைய களஞ்சியத்தை வீடாக்குமுன் அதை அளந்து, வரைந்து, படமெடுத்து வைக்கும்படி உள்ளூராட்சி நிபந்தனை விதிப்பதுண்டு. தோம்பில் அப்படியொரு வரைபடத்தைத் தேடக் கூடாது. கிடுகு வேய்ந்த மண்வீட்டின் திண்ணை எத்தனை முழம், நெல் எங்கே கிடந்தது என்பது வரி எழுத வந்தவருக்குத் தேவைப்படவில்லை. பலாமரம் எத்தனை என்பது தேவைப்பட்டது.

அந்த ஏடுகள் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் உள்ளன. திணைக்களக் கட்டடம் நிற்பது கொழும்பு 7இல், பழைய கறுவாத்தோட்டத்தில்.