செக் மொழியில் மண்ணும் நிலமும்

ஒரு நாட்டின் வரலாற்றை அறிவதற்கு அரசாணைகளும் போர்க்களங்களும் துணை செய்வது போலவே, உழவர் வாயில் வழங்கும் சொற்களும் துணை செய்கின்றன. நிலம் யாருக்கு உரியதாக இருந்தது, அதில் உழைத்தவர் யார், இருவரிடையே எல்லை வகுத்தவர் யார் என்னும் செய்திகளை அச்சொற்கள் தம்முள் காத்து வைத்திருக்கின்றன. ஐரோப்பாவின் நடுப்பகுதியில், பொஹீமியாவிலும் மொரேவியாவிலும் வழங்கும் செக் மொழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

அம்மொழியில் முதன்மையான சொல் ‘ஸெம்ஞெ’ என்பது. உலகம், நாடு, தரை, நிலம் ஆகிய நான்கையும் அது குறிக்கும். ஆங்கிலத்தில் பெயர்ப்பவர் இடம் நோக்கி ‘எர்த்’ என்றோ ‘கன்ட்ரி’ என்றோ ‘கிரவுண்ட்’ என்றோ ‘லேண்ட்’ என்றோ எழுத வேண்டும். விளையும் மண்ணைத் தனித்துச் சொல்ல ‘பூதா’ என்னும் சொல் உண்டு. ஆங்கிலத்துச் ‘சாயில்’ அதற்கு ஒருவாறு பொருந்தும். ஆயினும் வீட்டின் கூரைக்கு அடியிலுள்ள பரணுக்கும் செக் மக்கள் ‘பூதா’ என்றே பெயரிட்டுள்ளனர். உழுபடையால் புரட்டப்படும் மேல்மண் ‘ஒர்ஞித்ஸெ’. ‘உழு’ என்னும் பொருளுடைய ‘ஒரத்’ என்ற வினையிலிருந்து அது பிறந்தது. ஆங்கிலேயர் உழுநிலத்தைக் குறிக்க வழங்கும் ‘ஆரபிள்’ என்ற சொல் லத்தீன் வழி வந்ததாயினும், இதே தொல்வேரைச் சார்ந்ததே.

உழவுக்கு அம்மக்கள் தந்த மதிப்பு பெரிது. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோஸ்மாஸ் என்ற பாதிரியார் லத்தீன் மொழியில் எழுதிய வரலாறு, செக் அரச மரபின் முதல்வனான பிரெமிஸ்ல், ஏர் உழுதுகொண்டிருந்தபோது ஆட்சிக்கு அழைக்கப்பட்டான் என்று கூறுகிறது. இது பழங்கதையே. எனினும் ஏரிலிருந்து அரசனைப் பெற்றதாகப் பெருமை கொண்ட அந்நாட்டில், உழவனின் உரிமை எந்த ஏட்டில் எழுதப்பட்டது என்று பார்த்தல் வேண்டும்.

பிரபுக்களின் உடைமைகள் ‘ஸெம்ஸ்கே தெஸ்கி’ எனப்பட்ட ஏடுகளில் பதியப்பட்டன. ‘ஸெம்ஞெ’யின் ஏடுகள், அதாவது நாட்டின் ஏடுகள் என்பது அதன் பொருள். 1541-ஆம் ஆண்டு பிராகு நகரக் கோட்டைப் பகுதியில் மூண்ட பெருந்தீயில் பழைய ஏடுகள் பெரும்பாலும் எரிந்துபோயின. பின்னர்ப் புதிய ஏடுகள் தொடங்கப்பட்டன. குடியானவனின் வீடும் வயலும் இவ்வேடுகளில் அவன் பெயரால் இடம் பெறவில்லை. அவை பண்ணையின் மேற்பார்வையில் எழுதப்பட்ட வேறு புத்தகங்களில் ‘க்ருன்ட்’ என்ற பெயரால் பதிந்தன. இச்சொல் ஜெர்மானிய மொழியிலிருந்து வந்தது. ஆங்கிலத்துக் ‘கிரவுண்ட்’ என்பதற்கு உறவுடையது. பிரபுவின் நிலம் நாட்டோடு சேர்த்து எண்ணப்பட்டது; குடியானவன் நிலம் வெறும் மனையும் வயலுமாக எண்ணப்பட்டது. இரண்டு ஏடுகளையும் ‘லேண்ட் ரிஜிஸ்டர்’ என்று மொழிபெயர்த்தால் பிழையில்லை. ஆனால் அவற்றிடையே இருந்த உயர்வு தாழ்வு மறைந்துவிடுகிறது.

1620-இல் வெண்மலைப் போரில் பொஹீமியப் பிரபுக்கள் தோற்றபின், பலருடைய நிலங்கள் பறிமுதலாகிப் பிறர் கைக்கு மாறின. 1627-இல் வெளியான புதிய அரசியலமைப்பு ஜெர்மானிய மொழியைச் செக் மொழிக்குச் சமமாக்கியது. நாளடைவில் ஆட்சியிலும் கல்வியிலும் செக் மொழி ஒதுங்கிற்று. யோசெப் யுங்மன் 1834 முதல் 1839 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்ட செக்–ஜெர்மானிய அகராதி, சிதறிக் கிடந்த சொற்செல்வத்தை மீண்டும் ஒன்று திரட்டியது.

குடியானவர் பிரபுவுக்குச் செய்த கட்டாய உழைப்பின் பெயர் ‘ரொபொதா’. நம் கல்வெட்டுக்கள் ‘வெட்டி’ என்று குறிக்கும் ஊதியமில்லா உழைப்புக்கு அது நிகரானது. 1848-இல் அது ஒழிக்கப்பட்டது. அச்சொல்லிலிருந்தே 1920-இல் காரெல் சாபெக் தம் நாடகத்தில் ‘ரோபோ’ என்ற பெயரை உலகுக்கு அளித்தார். 1918-இல் செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டில் வந்த சட்டம், 150 ஹெக்டேருக்கு மேற்பட்ட விளைநிலத்தையும், எல்லாவகை நிலமுமாக 250 ஹெக்டேருக்கு மேற்பட்டதையும் பெரும்பண்ணையாளரிடமிருந்து எடுத்துக்கொள்ள வழி செய்தது.

இன்னுமொரு சொல் கருதத்தக்கது. இரு வயல்களுக்கு இடையே புல் படர்ந்து கிடக்கும் எல்லைக்கு ‘மெஸ்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘பாக்’ என்ற நிகரான சொல் உண்டு. ஆனால் திறந்த வயல்கள் அடைக்கப்பட்டு வேலியிடப்பட்ட காலத்தில் அவ்வெல்லைகள் மறைந்தன. சொல்லும் மக்கள் வழக்கிலிருந்து அருகிற்று. செக் நாட்டில் 1949-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கூட்டுப்பண்ணைகள் தோன்றியபோது எல்லைகளை உழுது அழித்தனர். 1951 முதல், செல்வக் குடியானவர் என்று முத்திரையிடப்பட்ட குடும்பங்கள் ஊரைவிட்டே வெளியேற்றப்பட்டன. தடுக்கும் புல்வரம்பு இல்லாத சரிவுகளில் மழைநீர் மேல்மண்ணை அரித்துச் சென்றது. 1991-இல் நில உடைமையைத் திருப்பித் தரச் சட்டம் வந்தபோது, வரம்பற்ற பரப்பில் தம் தந்தையின் வயல் எதுவென்று பழைய வரைபடங்களைக் கொண்டே பலர் காண வேண்டியிருந்தது. அச்சட்டத்தை மக்கள் ‘பூதா’வைப் பற்றிய சட்டம் என்றே வழங்கினர்.

‘மெஸ்’ என்பதற்குத் தமிழில் ‘வரப்பு’ என்று சொன்னால் வயலறிந்த தமிழருக்கு விளக்கமே வேண்டா. ஆனால் வேற்று மாநிலத்து நகரங்களில் வளரும் நம் சிறுவர்க்கு நிலம் என்னும் பொதுச்சொல் நிற்கும். வரப்பும், தரிசும், புழுதியும், கரிசலும் முதலில் மறையும். ஏனெனில் அவற்றைக் காட்டிச் சொல்ல அங்கே வயல் இல்லை. மறைவது சொல் மட்டும் என்று எண்ணுதல் தகாது. அந்தச் சொல் காத்து நின்ற உரிமையும் உழைப்பும் வழக்கும் அதனோடு நினைவினின்று நீங்கும். செக் மக்கள் வரப்பை இழந்தும் அதன் பெயரை இழக்கவில்லை. ஆதலால்தான் இழந்தது இன்னதென்று அவர்களால் சொல்ல முடிந்தது.