பொம்மையின் நீலம்

எங்கள் வீட்டுக் கொலுவில் இருந்த கண்ணனுக்கு மூக்கு நுனியில் வர்ணம் உதிர்ந்து மண் தெரியும். புரட்டாசியில் பெட்டியைத் திறந்ததும், துணிக்குப் போடும் நீலப்பொடியைப் பசையில் குழைத்துப் பாட்டி அந்த இடத்தில் தொட்டு வைப்பாள். மற்ற பொம்மைகளுக்கு இந்தச் சலுகை இல்லை. அவற்றின் நிறம் சலவைக்கு உதவாத நிறம்.

அந்தப் பொடிக்கு ஒரு சரித்திரம் உண்டு. ஐரோப்பிய ஓவியர்கள் போற்றிய நீலம் ஆப்கானிஸ்தானத்தின் பதக்சான் மலைகளிலிருந்து போன கல்லை அரைத்து எடுத்தது. விலையில் தங்கத்தோடு வைத்துப் பேசப்பட்டது. அதை மலிவாகச் செய்து காட்டுபவருக்கு 6,000 பிராங்க் தருவதாக பிரான்ஸில் ஒரு சங்கம் 1824இல் அறிவித்தது. 1828இல் கிமே என்பவர் பரிசை வாங்கிக்கொண்டார். கன்னி மரியாளின் மேலாடைக்கென்று வைத்திருந்த நிறம் வேட்டி வெளுக்க வந்துவிட்டது.

மாயோன் என்றால் கரியவன். பழம்பாடல்களிலும் ஆழ்வார்களிடமும் 'நீலம்' வராமல் இல்லை; ஆனால் அது இருளையும் மழைமேகத்தையும் ஒட்டி நிற்கும் நீலம். கருமையும் அதுவும் பக்கத்து வீடுகள், நடுவில் சுவர் கிடையாது. (நான் வேலை பார்க்கும் வங்கியில் 'கறுப்பு அல்லது நீல மையில் நிரப்பவும்' என்று படிவம் இருக்கிறது. சங்கத் தமிழ் அங்கே பிழைத்திருக்கிறது போலும்.) கோயில்களில் எத்தனையோ பெருமாள்கள் இன்றும் கருங்கல்லாகவே நிற்கிறார்கள்.

சுவரை எழுப்பியவை அச்சுப் படங்கள் என்று நினைக்கிறேன். 1894இல் பம்பாயில் ரவிவர்மாவின் அச்சகம் தொடங்கியது. பின்னால் கோவில்பட்டியில் கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்தவை சிவகாசிக் காலண்டர்களாக வீடுவீடாகப் போயின. அந்தக் காலண்டர்க் கண்ணன்கள் பலரை உற்றுப் பார்த்தால் ஒன்று தெரியும்: முகவெட்டும் கன்னமும் சிவந்த குழந்தையுடையவை, மேலே நீலம் ஒரு பூச்சு. கறுப்பைத் தவிர்க்கக் கிடைத்த மரியாதையான வழி அது.

சினிமாப் பாட்டு இதை முழுமையாக்கியது. 1955இல் வந்த 'மங்கையர் திலகம்' கறுப்பு வெள்ளைப் படம். அதில் பாலசரஸ்வதி தேவியின் குரல் கண்ணனை நீல வண்ணத்தால் கூப்பிடுகிறது. திரையில் இல்லாத நிறத்தைக் காது கொடுத்தது. அந்தக் குரல் எனக்குப் பிடிக்கும், இன்றும். ஆனால் பாரதி நந்தலாலாவைக் கண்டது காக்கையின் இறகில். கருமை என்றே சொன்னான், குழையவில்லை. 1982இல் 'ஏழாவது மனிதன்' படத்துக்காக எல். வைத்தியநாதன் இசையில் யேசுதாஸ் அதைப் பாடினார். உருகாதவர்கள் குறைவு. உருகியவர்கள் வீட்டில் கறுப்பாகப் பிறந்த பெண்ணுக்கு வரன் தேடுவதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் ஆண்டு விழா. கண்ணன் வேடம் எனக்கு வேண்டும் என்று கேட்டேன். உன் தோலில் நீலம் எடுபடாது என்றார் டீச்சர். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தொழில்நுட்பச் சங்கடம் போலச் சொன்னார். வகுப்பிலேயே சிவந்த பையனுக்கு நீலம் பூசினார்கள். நான் பசு, முதுகில் வெள்ளைத் துணி.

விழா முடிந்து அவன் குழாயடியில் முகம் கழுவினான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நெற்றியில் சீக்கிரம் போய்விட்டது. காதோரம் மட்டும் விடவில்லை.