ஆஷ்லியின் பை பிறந்த கதை

1921ஆம் ஆண்டு ரூத் மிடில்டன் என்ற கறுப்பினப் பெண் ஒரு பழைய பருத்திப் பையை எடுத்து, அதன் மேல் ஊசியாலும் நூலாலும் பத்து வரிகள் எழுதினார். பதின்பருவம் முடிந்தும் முடியாத வயது அவருக்கு. அமெரிக்காவின் தெற்கே, தென் கரோலினா மாநிலத்தின் கொலம்பியா நகரில் பிறந்தவர். தெற்கின் ஒடுக்குமுறையை விட்டு லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் வடக்கு நகரங்களுக்குக் கிளம்பிய அந்தக் காலத்தில் அவரும் பிலடெல்பியாவுக்கு வந்தார். 1918இல் திருமணம், அடுத்த ஆண்டே ஒரு பெண் குழந்தை. பிறர் வீடுகளில் வேலை செய்து வாழ்ந்த அந்த இளம் தாய் தைத்த வரிகளால்தான் ஒரு சாதாரணத் துணிப்பை 'ஆஷ்லியின் பை' ஆயிற்று.

வரிகள் சொல்லும் செய்தி இது. ரூத்தின் கொள்ளுப்பாட்டி ரோஸ். அவள் மகள் ஆஷ்லி. தென் கரோலினாவில் ஒன்பது வயதில் ஆஷ்லி விற்கப்பட்டபோது தாய் இந்தப் பையைக் கொடுத்து அனுப்பினாள். உள்ளே ஒரு நைந்த உடை, மூன்று கைப்பிடி பெக்கான் கொட்டை, தாயின் கூந்தலில் ஒரு பின்னல். என் அன்பு எப்போதும் இதில் நிறைந்திருக்கும் என்றும் சொன்னாள். அதன் பிறகு மகள் தாயைப் பார்க்கவே இல்லை. அந்த ஆஷ்லிதான் என் பாட்டி என்று ரூத் முடிக்கிறார். கீழே ரூத்தின் பெயர், ஆண்டு.

தையலுக்கு முன்னால் அந்தப் பை எங்கே பிறந்தது என்று தேடினால், 1852ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். தென் கரோலினாவின் துறைமுக நகரமான சார்ல்ஸ்டனில் ராபர்ட் மார்ட்டின் என்ற செல்வந்தர் அந்த ஆண்டின் கடைசியில் இறந்தார். பருத்தி வணிகத்தில் பணம் சேர்த்தவர். நகரத்தில் ஒரு மாளிகை, உள்நாட்டில் பார்ன்வெல் பகுதியில் மில்பெரி பிளேஸ் என்ற பருத்திப் பண்ணை. செல்வந்தர் இறந்தால் சொத்துக்குப் பட்டியல் போடுவார்கள். மேசை, நாற்காலி, குதிரை, வண்டி எல்லாவற்றுக்கும் எதிரே விலை எழுதுவார்கள். அதே பட்டியலில் மனிதர்களும் வருவார்கள். மார்ட்டினின் நகரத்து வீட்டுப் பட்டியலில் ரோஸ் என்று ஒரு பெயர், எதிரே 700 டாலர். பண்ணைப் பட்டியலில் ஆஷ்லி என்று ஒரு பெயர், எதிரே 300 டாலர். இந்த இருவருக்கும் என்ன உறவு என்று அந்தத் தாள்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை அவற்றை எழுதியவர்களுக்கு இல்லை.

உறவு அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். 1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் செய்தது: பிறக்கும் குழந்தை தாயின் நிலையையே அடையும். தாய் அடிமை என்றால் பிள்ளையும் அடிமை, தகப்பன் யாராக இருந்தாலும் சரி. மற்றக் குடியேற்றங்களும் இதையே பின்பற்றின. ரோஸ் தன் மகளுக்குச் சட்டப்படி விட்டுச் செல்லக்கூடிய ஒரே உடைமை அடிமைத்தனம். அவளுடைய உடல், உழைப்பு, அவள் பெற்ற பிள்ளை எல்லாமே மார்ட்டின் குடும்பத்தின் கணக்கில் இருந்தன.

உரிமையாளர் இறந்துவிட்டால் அடிமைகளின் குடிசைகளில் பயம் பரவும். வாரிசுகளுக்குள் பங்கு பிரிப்பார்கள், கடனை அடைக்க விற்பார்கள். யார் யாரோடு சேர்ந்து இருப்பார்கள், யார் எங்கே போவார்கள் என்பது யாருக்கும் தெரியாது. மார்ட்டின் இறந்ததை ஒட்டித்தான் ஆஷ்லி விற்கப்பட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த நேரத்தில் ரோஸ் கைக்கு எட்டியதை எடுத்து ஒரு பையில் வைத்தாள்.

அவள் வைத்த ஒவ்வொன்றையும் நின்று பார்க்க வேண்டும். முதலில் உடை. தென் கரோலினாவின் 1740ஆம் ஆண்டுச் சட்டம் அடிமைகள் என்ன துணி உடுத்தலாம் என்பதையும் வகுத்திருந்தது. முரட்டுத் துணிகளைத் தவிர வேறு கூடாது. ஆண்டுக்கு ஓரிரு உடைக்கான துணியே கிடைக்கும் வாழ்க்கையில் ஒரு நைந்த உடைகூடப் பெரிய சேமிப்பு. வளர்கிற பெண்பிள்ளைக்கு, முன்பின் தெரியாத ஆண்களுக்கு நடுவே போகிறவளுக்கு, உடம்பை மூட ஒரு மாற்றுத் துணி வேண்டும் என்று தாய் நினைத்திருக்கிறாள்.

அடுத்து பெக்கான். இது மிசிசிப்பி ஆற்றுச் சமவெளிக்கும் டெக்சாஸுக்கும் உரிய மரம். 1850களில் தென் கரோலினாவில் எளிதாகக் கிடைத்ததல்ல. சார்ல்ஸ்டன் போன்ற துறைமுகத்துக்கு வெளியூரிலிருந்து வந்து, வசதியானவர்கள் வாங்கிய பண்டம். நகரத்து வீட்டில் வேலை செய்த ஒரு பெண்ணுக்கே கையில் அகப்பட்டிருக்கும். கொழுப்பும் புரதமும் நிறைந்தது, ஓட்டோடு இருந்தால் நாள்கணக்கில் கெடாது. வழியில் பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று யோசித்த ஒருத்தியின் தேர்வு அது. பெக்கானுக்கு இன்னொரு கதையும் உண்டு. நல்ல மரத்தின் கிளையை ஒட்டுக் கட்டி, ஒரே தரமான காய் தரும் பெக்கான் மரங்களை முதன்முதலில் வெற்றிகரமாக வளர்த்தவர் லூசியானாவின் ஓக் ஆலி பண்ணையில் அடிமையாக இருந்த தோட்டக்காரர் அந்த்வான். 1840களின் நடுவில் அவர் செய்த அந்த வேலையின் மேல்தான் பின்னாளைய பெக்கான் தொழில் எழுந்தது.

மூன்றாவது, கூந்தல். உடையும் உணவும் பிள்ளையின் உடம்புக்கு. பின்னல் எதற்கு? சட்டம் ரோஸின் தலைமுடியைக்கூட அவளுக்கு உரியது என்று ஏற்கவில்லை. தண்டனையாக அடிமைப் பெண்களின் கூந்தலை வெட்டுகிற வழக்கம் இருந்தது. அந்தக் கூந்தலில் ஒரு பகுதியைத் தானே எடுத்து, தான் விரும்பியவளுக்குக் கொடுத்தாள் ரோஸ். விற்கப்பட்ட மகளோடு தாயின் ஒரு பகுதி சேர்ந்தே போயிற்று.

எழுதி வைக்க அவளுக்கு வழியில்லை. அடிமைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் 100 பவுண்டு அபராதம் என்று அதே 1740ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. 1834இல் தென் கரோலினா வாசிக்கக் கற்றுக்கொடுப்பதையும் தடை செய்தது. ஆகவே ரோஸ் வாயால் சொன்னாள். ஒன்பது வயதுக் குழந்தை அதை மனத்தில் வாங்கிக்கொண்டது.

அந்தக் குழந்தை அதை எப்படிக் காத்தது என்பதை நினைக்க நினைக்க எனக்கு வியப்பு கூடுகிறது. உள்நாட்டுப் போர் முடிந்து 1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டபோது ஆஷ்லி இளம்பெண்ணாக இருந்திருப்பாள். கொட்டைகள் என்றோ தீர்ந்திருக்கும், உடை கிழிந்திருக்கும். பை மிஞ்சியது. தாயின் பெயர், தன் வயது, உள்ளே இருந்த பொருள்கள், எத்தனை கைப்பிடி, தாய் சொன்ன சொல் எல்லாவற்றையும் அவள் வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். இல்லாவிட்டால் ஏறத்தாழ எழுபது ஆண்டு கழித்துப் பேத்தியின் ஊசியில் அவை இவ்வளவு துல்லியமாக வந்திருக்காது.

ரூத் தைத்தது அலங்காரத்துக்கல்ல. அவர் ஒரு ஆவணம் செய்தார். யார், யாருக்கு, எப்போது, எங்கே, என்ன கொடுத்தார்கள், சொல்பவர் யார், சொல்லும் ஆண்டு எது என்று ஒரு சாசனத்துக்கு வேண்டிய எல்லாமே அந்தப் பத்து வரிகளில் உண்டு. சிறு வயதில் தாயான ஒரு பெண், தன் குழந்தைக்குத் தன் வம்சத்தைச் சொல்லி வைக்க நினைத்திருக்கிறார். தாய்வழியாக அடிமைத்தனத்தைக் கடத்திய சட்டத்துக்கு ரோஸ் ஒரு பதில் கொடுத்தாள். தாய்வழியாகவே வேறொன்றைக் கடத்தினாள். அது இன்னது என்று ரூத் எழுதிக் கையெழுத்திட்டார்.

1942இல் காசநோயால் ரூத் இறந்தார். பை எங்கோ போனது. 2007இல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் அருகே ஒரு பழைய பொருள் சந்தையில், கழிவுத் துணிகளுக்கு நடுவே, ஒரு பெண்மணி அதைக் கண்டெடுத்தார். துணிக்குவியலுக்கு அவர் கொடுத்த விலை 20 டாலர். தையலைப் படித்தபின் விற்க மனம் வராமல், மிடில்டன் என்ற பெயரைத் தேடி, சார்ல்ஸ்டன் அருகே அருங்காட்சியகமாக இருக்கும் மிடில்டன் பிளேஸ் என்ற பழைய பண்ணையிடம் சேர்த்தார். 2016இல் வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, அந்தப் பை இரவலாக அங்கே வைக்கப்பட்டது.

அதன் பிறகுதான் தேடல் பலித்தது. மானிடவியலாளர் மார்க் ஆஸ்லாண்டர் பழைய சொத்துப் பட்டியல்களைப் புரட்டினார். ரோஸ் என்ற பெயர் அடிமைப் பெண்களிடையே மலிந்து கிடந்தது. ஆஷ்லியோ மிக அரிது. இரண்டு பெயரும் ஒரே உரிமையாளரிடம் சேர்ந்து வந்த இடம் ராபர்ட் மார்ட்டினின் பட்டியல். வரலாற்றாசிரியர் டியா மைல்ஸ் அந்தத் தடத்தில் மேலும் போய், இந்தப் பையைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதினார். 2021இல் அது அமெரிக்காவின் தேசிய நூல் விருதைப் பெற்றது.

இந்தத் தேடல் எந்தத் திசையில் நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்ட்டினின் பட்டியல் நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் பத்திரமாக இருந்தது. அதிலிருந்து யாரும் ரோஸையும் ஆஷ்லியையும் தாயும் மகளுமாகக் கண்டிருக்க முடியாது. ரூத்தின் தையல் வந்து சேர்ந்ததும்தான் 700, 300 என்ற இரண்டு விலைகளுக்கு நடுவே ஒரு குடும்பம் தெரிந்தது.

இன்று அமெரிக்காவில் தன் மூதாதையரைத் தேடக் கிளம்பும் கறுப்பினப் பிள்ளைகள் ஒரு சுவரில் முட்டிக்கொள்கிறார்கள். அடிமைகளாக இருந்த பெரும்பாலானோர் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பெயரோடு வருவது 1870இல்தான். அதற்கு முந்தைய 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர் இருக்கும். அதன் கீழே மனிதர்கள் வயது, பால், நிறம் என்ற குறிப்பாக மட்டும் இருப்பார்கள். சுவரைத் தாண்ட உயில்கள், விற்பனைச் சீட்டுகள், விடுதலை பெற்றோருக்கான அரசு அலுவலகத்தின் கோப்புகள், தாய் தந்தை உடன்பிறந்தோர் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொண்ட ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் பதிவேடுகள் எல்லாம் உதவும். ஆனால் அவற்றைத் திறக்கும்போது கையில் ஒரு பெயர் இருந்தாக வேண்டும். ஓர் ஊரின் பெயரோ, பாட்டி அடிக்கடி சொன்ன ஒரு நிகழ்ச்சியோ இருந்தாலும் போதும்.

அதைத் தரக்கூடியவர்கள் வீட்டில் இருக்கும் முதியவர்களே. காப்பகத்துக்குப் போகுமுன் அவர்களிடம் உட்கார வேண்டும். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே எழுத வேண்டும், எழுதியவர் பெயரையும் ஆண்டையும் சேர்க்க வேண்டும். ரூத் மிடில்டன் செய்தது இதைத்தான். உடைமைக் கணக்கு எழுதியவர்களிடம் அலுவலகமும் நீதிமன்றமும் இருந்தன. ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் ஊசியும் பாட்டியின் சொல்லும் இருந்தன. உண்மையைச் சொன்னது அவள் எழுதியதுதான்.