வந்துசேராத ஐந்தாவது கப்பல்

2017 ஒகஸ்ட் 19ஆம் திகதி கனடாவின் பயோவெயார் நிறுவனம் ஒரு சிறு அறிவித்தலை வெளியிட்டது. ‘மாஸ் எஃபெக்ட்: அன்ட்ரோமெடா’ என்ற வீடியோ விளையாட்டுக்கு ஏற்கெனவே வெளிவந்த 1.10 என்ற திருத்தமே கடைசி. தனியாக விளையாடும் கதைப் பகுதிக்கு இனித் திருத்தமும் இல்லை, புதிய அத்தியாயமும் இல்லை. விளையாட்டு கடைக்கு வந்து அப்போது முழுதாக ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

அந்த அறிவித்தலைப் படித்துக் கவலைப்பட்டவர்களில் மாத்தளை இளைஞர்கள் சிலரும் இருந்தார்கள். எனக்குத் தெரிந்தவர்கள் ஒரு ஏழெட்டுப் பேர். வட்டகொடையிலும் கிளிநொச்சியிலும் ரொறன்ரோவிலும் இருந்தபடி ஒன்றாக விளையாடிய அவர்களது நண்பர்களையும் சேர்த்தால் இன்னும் சிலர். “ஒரு கேமுக்கா இவ்வளவு கவலை?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்ட கேள்விக்கு அவர்களால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். விளையாட்டே தெரியாதவர்களும் படிக்கலாம்.

முதலில் சில அடிப்படைகள். இது பாத்திரமேற்று ஆடும் வகை. திரையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது அல்ல. கதாநாயகர் யாரைக் காப்பாற்றுவார், யாரோடு பேசுவார், எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவார் என்பதையெல்லாம் ஆடுபவரே முடிவெடுப்பார். எடுத்த முடிவு பல மணித்தியாலங்களுக்குப் பிறகு, சில வேளை அடுத்த பாகத்தில்கூட, திரும்பி வந்து முன்னால் நிற்கும். இப்படிப்பட்ட விளையாட்டுகளை விற்ற பிறகு, அதே கதையின் மேலதிக அத்தியாயங்களைத் தனியாக வெளியிடுவது வழக்கம். அவற்றைத்தான் விரிவாக்கம் என்கிறார்கள். முதற் கதையில் வேண்டுமென்றே ஒரு முடிச்சை அவிழ்க்காமல் விட்டுவைத்து, அதை விரிவாக்கத்தில் அவிழ்ப்பதும் நெடுநாளாக நடக்கிற வியாபாரம்.

மாஸ் எஃபெக்ட் வரிசையில் முதல் மூன்று பாகங்கள் 2007, 2010, 2012ஆம் ஆண்டுகளில் வந்தன. அவற்றில் வரும் பல வேற்றுக்கோள் இனங்களில் ஒன்று குவாரியர். ரன்னொக் என்பது அவர்களது தாய்க் கிரகம். வேலைக்காக அவர்கள் உருவாக்கிய கெத் என்ற இயந்திரங்களுக்குத் தன்னுணர்வு வந்தபோது, குவாரியர் பயந்துபோய் அவற்றை அழிக்கப் பார்த்தார்கள். போர் மூண்டது, குவாரியர் தோற்றார்கள், கிரகத்தை விட்டு ஓடினார்கள். கதை நடக்கும் காலத்தில் அது முந்நூறு வருடத்துப் பழைய செய்தி. மிஞ்சிய ஒரு கோடியே எழுபது இலட்சம் பேர் ஏறத்தாழ 50,000 கப்பல்களில் ஊர் ஊராக அலைகிறார்கள். நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோனதால் முகமூடியும் உடற்கவசமும் இல்லாமல் வெளியே வர முடியாது. அண்டப் பேரவையில் இருந்த தூதரகமும் பறிபோய்விட்டது. போகிற இடமெல்லாம் திருடர் என்ற பெயர். வயது வந்த ஒவ்வொருவரும் தனியே பயணம் போய், தம் கூட்டத்துக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்தால்தான் ஒரு கப்பலில் இடம் கிடைக்கும். அவர்களது வாழ்த்துச் சொல்லில்கூட என்றைக்காவது காணப்போகும் தாயகம்தான் இருக்கிறது.

இதை எழுதியவர்கள் எங்களை மனதில் வைத்து எழுதவில்லை. ஆனால் எங்கள் பிள்ளைகள் அதை எப்படிப் படிப்பார்கள் என்பதை ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. வடக்கிலிருந்து இடம்பெயர்ந்து வந்த குடும்பத்துப் பையன் ஒருவன், முகாமில் அடையாள அட்டையோடு நின்ற நாட்களைப் பற்றி வீட்டில் ஒருபோதும் பேசாதவன், குவாரியர் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவான். மலையகத்தாருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியே நடந்து வந்த தொழிலாளர்கள் சேர்ந்த இடங்களில் ஒன்று இந்த மாத்தளை. 1948இல் குடியுரிமை பறிபோனது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 150,000 பேரின் முடிவைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. தலைமன்னார்க் கப்பலில் ஏறிய உறவினர்களிடமிருந்து கடிதம் வருவது எப்போது நின்றது என்று என் வீட்டிலும் ஒரு கணக்கு இருக்கிறது.

குவாரியர் குற்றமற்றவர்களும் அல்ல. முதலில் கொல்லப் பார்த்தவர்கள் அவர்களே. மூன்றாம் பாகத்தில் குவாரியரா, கெத்தா, இல்லை இருவருமா பிழைப்பது என்ற முடிவு ஆடுபவரின் கையில் வரும். அந்த இடத்தில் விளையாட்டை நிறுத்திவைத்துவிட்டு இரண்டு நாள் யோசித்தவர்களை எனக்குத் தெரியும். போரைப் பற்றி எங்கள் மேடைகளில் பேசப்படாத சில விடயங்கள் அங்கே பேசப்பட்டன என்பது என் அபிப்பிராயம்.

இனி அன்ட்ரோமெடா. 2017 மார்ச் 21ஆம் திகதி வெளியான இந்தப் பாகத்தின் கதை வேறொரு விண்மீன் மண்டலத்தில் நடக்கிறது. நம் பால்வெளியிலிருந்து புதிய வாழ்விடம் தேடி, உறைநிலையில் தூங்கும் மக்களோடு பெருங்கப்பல்கள் புறப்படுகின்றன. பயணம் 600 வருடங்களுக்கு மேல். மனிதர், அசாரி, டூரியன், சலாரியன் ஆகிய நான்கு இனங்களுக்கும் ஒவ்வொரு கப்பல். குவாரியர் தயார் செய்த ஐந்தாவது கப்பல் தாமதமாகப் புறப்பட்டது. அதில் குவாரியர் மட்டுமல்ல. தனிக் கப்பலுக்கு வழியில்லாத டிரெல், ஹனார், எல்கோர், வோலஸ், படாரியன் இனத்தவர்களும் ஏறியிருந்தார்கள். விளையாட்டில் நான்கு கப்பல்களும் ஏதோ ஒரு நிலையில் கண்டுபிடிக்கப்படுகின்றன. எல்லாம் முடிந்து கொண்டாடும் வேளையில், ஐந்தாவது கப்பலிலிருந்து ஒரு செய்தி வருகிறது: எங்களைத் தேடி வராதீர்கள், விலகியே இருங்கள். அவ்வளவுதான். திரை இருள்கிறது.

விரிவாக்கம் வரப்போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்புத் தேவையில்லை. எல்லோரும் காத்திருந்தார்கள். வந்தது ஒகஸ்ட் அறிவித்தல்.

ஏன் இப்படி ஆனது? அந்த ஆண்டு ஜூனில் ஊடகவியலாளர் ஜேசன் ஷ்ரையர் எழுதிய நீண்ட புலனாய்வு பல விடயங்களை வெளியே கொண்டுவந்தது. இந்த விளையாட்டைச் செய்தது பழைய பாகங்களைச் செய்த எட்மன்டன் கிளை அல்ல, மொன்றியல் கிளை. வேலை ஐந்து வருடம் நடந்தது. ஆனால் நாங்கள் விளையாடியதில் பெரும்பகுதி கடைசி ஒன்றரை வருடத்தில் செய்யப்பட்டது. அதற்கு முந்தைய காலம், கணினியே தானாக உருவாக்கும் நூற்றுக்கணக்கான கிரகங்கள் என்ற யோசனையோடு போராடி அதைக் கைவிடுவதிலேயே கழிந்தது. பயன்படுத்திய ‘ஃப்ரொஸ்ட்பைட்’ மென்பொருளோ துப்பாக்கிச் சண்டை விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. பாத்திரமேற்பு விளையாட்டுக்கு வேண்டிய பல வசதிகளை அதற்குள் புதிதாகக் கட்ட வேண்டியிருந்தது.

விளைவு எல்லோருக்கும் தெரிந்ததே. பேசும்போது விறைத்து நின்ற முகங்களும் உருண்ட கண்களும் வெளியான வாரத்திலேயே உலகச் சிரிப்பாகிவிட்டன. இரண்டாம் பாகம் விமர்சகர்களிடம் நூற்றுக்கு 90க்கு மேல் பெற்றது. இது 70ஐச் சுற்றியே நின்றது. 2017 ஒகஸ்ட் தொடக்கத்திலேயே மொன்றியல் கிளை, தாய் நிறுவனமான எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸின் இன்னொரு பிரிவோடு இணைக்கப்படுவதாக அறிவிக்கப்பட்டது. விரிவாக்கத்தை எழுத வேண்டியவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். கணக்குப் பார்த்தவர்களுக்கு ஐந்தாவது கப்பல் இலாபம் தராத சரக்கு.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். காசு குறையும்போது எதை வெட்டுவது என்று யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். வெட்டுப்பட்டது நாடற்றவர்களின் கப்பல். தீய நோக்கம் ஒன்றும் இருந்திருக்காது. புதிய உடல், புதிய உடை, புதிய அசைவு என்று ஆறு இனங்களையும் வடிவமைப்பது செலவு மிக்க வேலை; ஆகவே அது பின்னுக்குத் தள்ளப்பட்டு, பின்னுக்கிருந்தது இல்லாமலே போயிற்று. ஆனால் கடைசியாக வர வேண்டியவர்கள் ஏன் எப்போதும் இவர்களாகவே இருக்கிறார்கள் என்று அந்தப் பையன் கேட்டபோது என்னிடம் பதில் இருக்கவில்லை.

காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டு அதே 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தாய்மார் தெருவில் அமர்ந்தார்கள். இங்கே மாத்தளை வைத்தியசாலை வளாகத்தில் 2012இன் கடைசியில் தோண்டியெடுக்கப்பட்ட 150க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் யாருடையவை என்ற கேள்வியும் உறவினர்கள் மனம் ஆறும்படி முடியவில்லை. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு விளையாட்டை வைத்து ஒப்பிட நான் வரவில்லை. பதில் வராத செய்தியோடு வளர்ந்த ஒருவர், கதையிலாவது பதில் வரும் என்று எதிர்பார்ப்பதில் சிறுபிள்ளைத்தனம் எதுவும் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

ரசிகர்கள் கோபப்பட்டால் நிறுவனங்கள் கேட்பதுண்டா? கேட்ட சந்தர்ப்பம் இதே வரிசையில் இருக்கிறது. 2012 மார்ச்சில் மூன்றாம் பாகம் வந்தபோது, எந்த முடிவை எடுத்தாலும் கடைசிக் காட்சி நிறத்தில் மட்டுமே மாறுகிறது என்று பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. எதிர்ப்பாளர்கள் சிறுவர் மருத்துவமனைகளுக்கு உதவும் தொண்டமைப்பு ஒன்றுக்கு 80,000 டொலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். இன்னும் சிலர் சிவப்பு, நீலம், பச்சை நிறங்களில் 400 அளவில் சிறு கேக்குகளை நிறுவனத்துக்கே அனுப்பினார்கள். மூன்றும் ஒரே சுவை! ஜூன் 26ஆம் திகதி விரிவுபடுத்திய முடிவு இலவசமாக வந்தது. அந்த விளையாட்டு நன்றாக விற்றிருந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2017இல் அதே குரலுக்குப் பலன் கிடைக்கவில்லை.

கோபம் கெட்ட வழியில் போனதும் உண்டு. அன்ட்ரோமெடா வெளிவரும் முன்பே, முக அசைவுகளுக்குப் பொறுப்பானவர் இவர்தான் என்று பிழையாகச் சொல்லி, முன்பு அந்த நிறுவனத்தில் வேலை செய்த ஒரு பெண்ணைக் கேவலமாகத் தாக்கினார்கள். நிறுவனம் அதைக் கண்டித்து அறிக்கை விட வேண்டியதாயிற்று. ஏமாற்றத்துக்கு நியாயம் இருக்கலாம். அதைச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் தலையில் இறக்குவதில் ஒரு நியாயமும் இல்லை.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமல்ல. ஜப்பானின் ஸ்குவெயார் எனிக்ஸ் நிறுவனம் ‘ஃபைனல் ஃபேன்டசி 15’க்கு அறிவித்திருந்த நான்கு மேலதிக அத்தியாயங்களில் மூன்றை 2018 நவம்பரில் ரத்துச் செய்தது. இயக்குநர் ஹாஜிமே தபாத்தா விலகியதும் அதே நேரலையில் அறிவிக்கப்பட்டது. துயரமாக முடிந்த கதைக்கு வேறொரு முடிவு தருவதாக இருந்த அத்தியாயங்கள் அவை. ஒன்று மட்டும் 2019 மார்ச்சில் வந்தது. மற்ற மூன்றின் கதையும் நாவலாயிற்று. ‘ஸ்டார் வோர்ஸ்: நைட்ஸ் ஒஃப் தி ஓல்ட் ரிபப்ளிக் 2’ இன்னும் மோசம். 2004இல் அவசர அவசரமாக வெளியான அந்த விளையாட்டில் வெட்டப்பட்ட பகுதிகளை ரசிகர்களே பல வருடம் உழைத்துக் கோப்புகளுக்குள்ளிருந்து மீட்டெடுத்தார்கள். 2022இல் நின்டென்டோ ஸ்விட்ச் கருவிக்கு அதைக் கொண்டுவந்த அஸ்பையர் நிறுவனம், மீட்ட பகுதிகளும் பின்னால் வரும் என்று விளம்பரம் செய்து விற்றது. 2023 ஜூனில் அது வராது என்றது. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது.

இவற்றுக்கிடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. அஸ்பையர் விளம்பரப்படுத்தி விற்றதைக் கொடுக்கவில்லை. அது நுகர்வோர் உரிமைப் பிரச்சினை. அன்ட்ரோமெடாவுக்கு வரப்போகும் அத்தியாயங்களுக்கென முன்கூட்டியே பணம் வாங்கும் ‘சீசன் பாஸ்’ விற்கப்படவில்லை. ஆகவே யாரையும் சட்டப்படி ஏமாற்றியதாகச் சொல்ல முடியாது. கதையின் கடைசி நிமிடத்தில் ஒரு குரலைக் கேட்கவைத்துவிட்டு அதைக் கைவிட்டதற்குச் சட்டத்தில் பெயர் இல்லை.

ஐந்தாவது கப்பலின் கதையும் நாவலாகத்தான் வந்தது. கேத்தரின் வெலன்டே எழுதிய ‘அனிஹிலேஷன்’ 2018 நவம்பரில் வெளியானது. கப்பல் இன்னும் வழியில் இருக்கும்போது, தூங்குபவர்களின் பேழைகளுக்குள் நோய் பரவுவதும் அதை விழித்திருக்கும் சிலர் எதிர்கொள்வதும்தான் கதை. மோசமான நாவல் என்று சொல்லமாட்டேன். இனங்களுக்கிடையிலான சந்தேகத்தை நன்றாகவே எழுதியிருக்கிறார். குறை வேறு. விளையாட்டில் “வராதீர்கள்” என்ற குரலைக் கேட்டவர் நாங்கள். போவதா வேண்டாமா என்று தீர்மானிக்க வேண்டியவரும் நாங்களே. நாவலில் எங்களுக்கு அந்த இடம் இல்லை. அது ஆங்கிலத்தில் வந்தது என்பது இன்னொரு தடை. விளையாட்டின் ஆங்கிலத்தை வரிகளைப் பார்த்து ஒருவாறு சமாளித்தவர்களில் பலர் முந்நூறு பக்க ஆங்கில நாவலைக் கையில் எடுக்கவில்லை.

பழைய மூன்று பாகங்களையும் புதுப்பித்து ஒரே தொகுப்பாக 2021 மே 14ஆம் திகதி வெளியிட்டார்கள். குவாரியரை அறிய விரும்புபவர் அதிலிருந்து தொடங்குவதே நல்லது. இரண்டாம், மூன்றாம் பாகங்களின் விரிவாக்கங்கள் அதற்குள்ளேயே இருக்கின்றன. அடுத்து அன்ட்ரோமெடா, அதன் பின் நாவல் என்று போகலாம். புதிய மாஸ் எஃபெக்ட் ஒன்றின் முன்னோட்டத்தை 2020 டிசம்பரில் காட்டினார்கள். அதில் இரண்டு விண்மீன் மண்டலங்களும் தெரிகின்றன என்று அந்தப் பையன் எனக்கு நிறுத்தி நிறுத்திக் காட்டினான். கப்பல் எதுவும் தெரிகிறதா என்று கேட்டேன். இன்னும் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும் என்றான்.