நோயாளிக்கும் ஒரு சித்திரம்

1739-ஆம் ஆண்டில் தஞ்சை மராட்டிய மன்னரிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்ற காரைக்கால், 1954 வரை அவர்தம் ஆட்சியில் இருந்தது. அதன் கடலோர ஊராகிய காரைக்கால்மேட்டில் முதியவர் ஒருவருக்குக் கண்புரை முற்றிவிட்டதாக எண்ணிக்கொள்வோம். மருத்துவமனையில் ஒப்புதல் தாளை நீட்டுகின்றனர். அவர் பெருவிரலைப் பதிக்கிறார். கண்ணை வெளியே எடுத்துக் கழுவித் திரும்ப வைப்பார்களோ என்னும் அச்சம் மட்டும் அவர் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. அந்த ஒப்புதல் எத்தகைய ஒப்புதல்?

அறுவைச் சிகிச்சையைச் சித்திரத்தால் விளக்குவது புதிய வழியன்று. குர்துபாவை அடுத்த மதீனத்துஸ் ஸஹ்ராவில் 936-இல் பிறந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ, முப்பது பகுதிகள் கொண்ட தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் இறுதிப் பகுதியை அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கினார். ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்கள் அதில் உண்டு. கண்புரையைக் கீழே தள்ளும் ஊசியும் அவற்றுள் ஒன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அது இலத்தீனுக்குச் சென்றது. 1465-இல் அமாஸ்யாவின் ஷரஃபுத்தீன் ஸாபுன்ஜூஉக்லு ஒரு படி மேலே போனார். கருவியோடு மருத்துவரையும் நோயாளியையும் சேர்த்தே வரைந்தார். நூலையும் தம் மக்கள் பேசிய துருக்கி மொழியிலேயே எழுதினார். அவ்விரண்டையும் சேர்த்துச் செய்ததே அவருடைய பெருமை என்பது நம் கருத்து.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி, கண் நோயாளிகளின் விவரங்களை எழுதி வைக்கச் செய்தார். நோயுற்ற கண்களின் ஓவியங்களும் உடன் வரையப்பட்டன. சரஸ்வதி மகால் நூலகம் அவற்றைப் பேணி வருகிறது.

ஆயினும் இவையாவும் மருத்துவருக்கும் மாணவருக்கும் உரியவை. படத்தில் இருந்த நோயாளி படத்தைப் பார்ப்பவராக இருக்கவில்லை.

அசையும் சித்திரம் அந்த இடத்தில்தான் உதவுகிறது. கண்ணுக்குள் மேகம் படிந்த வில்லை. ஓரத்தில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல். வில்லையை ஒலி அதிர்வால் நொறுக்கி உறிஞ்சுதல். மடித்த செயற்கை வில்லை உள்ளே சென்று விரிதல். எழுத்தறியாதவரும் இவ்வரிசையைக் கண்டுகொள்வர். கண் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதைச் சொல்லி நம்பவைக்க வேண்டியதில்லை, அவரே பார்க்கிறார்.

சிகிச்சையின் தன்மை, பயன், இடர், மாற்று வழி ஆகியவற்றை நோயாளிக்கு அறிவித்த பின்பே பெறும் ஒப்புதல் செல்லும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2008-இல் தீர்ப்பளித்தது. சித்திரமோ இரத்தமின்றி, வலியின்றி, எப்போதும் வெற்றியிலேயே முடிகிறது. கிருமித் தொற்று போன்ற இடர்களை அது காட்டாது விடின் ஒப்புதல் பாதியாகவே நிற்கும். ஆகவே படம் முடிந்ததும் மருத்துவரோ செவிலியரோ அருகிலமர்ந்து, "ஐயா, என்ன செய்யப் போகிறோம் என்று நீங்களே சொல்லுங்கள்" எனக் கேட்பது நலம். அவர் கடற்கரைத் தமிழில் சொல்லட்டும். தாளை அதன் பிறகு நீட்டலாம்.